பட்டியைப் பார், பிள்ளை

வினாயகபுரம்

அன்பின் நிரோசா,

அப்பாவுக்கு வாங்கிய புளூடூத் பிரஷர் மெசின் கிளினிக்கில் பார்ப்பதைவிடக் கூடக் காட்டுகிறதாம். "வயர் இல்லாததாலதான் பிழை" என்று பார்மசியில் சொன்னார்களாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற நீயும் அதை நம்பியிருக்கிறாய்! அளந்து முடிந்த எண்ணைப் போனுக்குக் கொண்டுபோவதோடு புளூடூத்தின் வேலை சரி. மெசின் திரையிலும் போனிலும் ஒரே எண் இருந்தால் புளூடூத்தைச் சந்தேகிக்காதே.

மெசினுக்கு ஸ்டெதஸ்கோப் இல்லை. மேற்கையில் சுற்றும் பட்டியில் காற்று இறங்கும்போது நாடித்துடிப்பால் அழுத்தம் அதிர்கிறதல்லவா, அந்த அதிர்வு உச்சத்துக்கு வரும் இடத்தை, அதாவது சராசரி அழுத்தத்தைத்தான் அது பிடிக்கிறது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அதிர்வுகளிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பவை. கணக்கைக் கம்பனிக்காரர் வெளியே சொல்லமாட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு மாதிரியையும் மனிதரில் சோதிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் சர்வதேச நியமப்படி குறைந்தது 85 பேர். ஸ்டெதஸ்கோப்போடு இருவர், பிறகு மெசின், திரும்பவும் அந்த இருவர் என்று ஒரே கையில் மாறிமாறிப் பார்ப்பார்கள். சராசரி வித்தியாசம் 5 மி.மீ. இரசத்தையும் நியம விலகல் 8ஐயும் தாண்டக்கூடாது. தேறிய மாதிரிகளை ஸ்ட்ரைட் பிபி என்ற அமைப்பு பட்டியலிடுகிறது. மாதிரி இலக்கத்தைத் தேடிப் பார். அங்கே பெயர் இருந்தாலும், அது 85 பேருக்குச் சராசரியாகச் சரிவந்தது என்றுதான் அர்த்தம். அப்பாவின் கை வேறு.

இனி நான் சொல்ல வந்தது: பட்டி. 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி செய்த பட்டி ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் அகலந்தான். ஒடுங்கிய பட்டி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்று 1901இலேயே ரெக்லிங்ஹவுசன் நிறுவினார். 1905இல் நாடியொலியைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதிய கொரொட்கோவை எல்லோரும் புகழ்கிறார்கள். பட்டியை அகலமாக்கியவரை யார் நினைக்கிறார்கள்? எனக்கு இதில் தீராத கோபம். 2023இல் பால்டிமோரில் செய்த ஆய்வொன்றைப் படித்தேன்: மிகப் பெரிய பட்டி வேண்டியவர்களுக்கு வழமையான பட்டியைச் சுற்றியபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடியது. ஒரு மாத்திரையைக் கூட்டிவிடப் போதுமான பிழை!

நீ அனுப்பிய படத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன். பட்டி ஓரத்தில் 22–32 செ.மீ. என்று அச்சிட்டிருக்கிறது, அம்புக்குறி கோட்டுக்கு வெளியே நிற்கிறது, ஒட்டுப்பட்டி நுனியில்தான் பிடித்திருக்கிறது. கரைவலை இழுத்துத் திரண்ட கைக்கு அது எப்படிப் போதும்?

ஐந்து நிமிடம் இருந்து பார்ப்பதெல்லாம் உனக்குத் தெரியும். கிளினிக்கில் ஒருதரம், வீட்டில் ஒருதரம் பார்த்து ஒப்பிடுவது சோதனையே அல்ல. பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மெசினை அங்கே கொண்டுபோ. நேர்ஸ், மெசின், நேர்ஸ், மெசின், நேர்ஸ் என்று ஒரே கையில் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு மெசின் எண்ணையும் அதற்கு முன்னும் பின்னும் வந்த எண்களின் சராசரியோடு ஒப்பிடு. சாதாரணமாக வீட்டில் சற்றுக் குறையத்தான் வரும். சரியான பட்டி போட்டும் வீட்டில் கூடினால் அது கிளினிக்கில் ஒளிந்துகொள்ளும் பிரஷராக இருக்கலாம். கொப்பியில் குறித்து டொக்டரிடம் காட்டு. மருந்தில் நீங்களாகக் கைவைக்க வேண்டாம்.

தம்பி கேட்கும், மேற்கைப் பட்டி இல்லாமல் பிரஷர் காட்டும் கைக்கடிகாரம் இதற்கு உதவாது. முதலில் தையல் நாடாவால் அப்பாவின் மேற்கையை நடுவில் அளந்து எழுது. அந்த எண் வராமல் மெசின் பற்றி இன்னொரு கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

அன்புடன்,
உன் சேர்