படிவத்தில் இனம் எதற்கு?

கேள்வி: லண்டனில் குடும்ப மருத்துவரிடம் பதியப் போனால் இனம், தாய்மொழி எல்லாம் கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டுமா?
– வாசகி ஒருவர், ஹாரோ

பதில்: கட்டாயமில்லை, ஆனாலும் சொல்லுங்கள். தெற்காசியருக்கு நீரிழிவு அபாயம் அதிகம். அதனால் உடல் நிறைக் குறியீடு 25 வரை காத்திருக்காமல், 23-லேயே நமக்கு எச்சரிக்கை என்கிறது பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல். இனம் பதியாவிட்டால் அந்த எச்சரிக்கை உங்களை எட்டாமல் போகலாம். தாய்மொழி தெரிந்தால்தான் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய முடியும். யாருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்பதும் இந்தக் கணக்கில்தான் தெரியும். 2010 சமத்துவச் சட்டம் பொது அமைப்புகளுக்கு இத்தகைய ஏற்றத்தாழ்வுகளில் அக்கறை காட்டுவதைக் கடமையாக்கியிருக்கிறது. நீங்கள் இலங்கைத் தமிழரானால், ‘பிற ஆசியர்’ என்ற கட்டத்தில் எழுத இடமிருந்தால் ‘இலங்கைத் தமிழர்’ என்றே எழுதுங்கள். மருத்துவ நிலையங்களும் முகம் பார்த்து ஊகிக்காமல், காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். நம்பிக்கை வந்தால் பதில் தானாக வரும்.