மூச்சுக்குழாயும் நான்காம் படியும்

புற்றுநோயைப் போல் உடலெங்கும் பரவாத கட்டிகளை மருத்துவர்கள் ‘தீங்கற்ற கட்டிகள்’ என்பர். ஆனால் அத்தகைய கட்டியும் ஒரு குழந்தையின் குரல்வளையில் வளர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன்? விடை இயற்பியலில் இருக்கிறது.

ஒரு குழாயில் சீராகப் பாயும் பாய்மத்திற்கு ஏற்படும் தடை, குழாய் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். இது பாய்சொய் விதி. கைக்குழந்தையின் குரல்வளையில் மிகக் குறுகிய இடத்தின் விட்டம் சுமார் 4 மி.மீ. உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. தடித்தால் விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும். ஆரம் பாதியானால் தடை 2×2×2×2, அதாவது 16 மடங்கு! காற்று சுழித்துப் பாய்ந்தால் தடை இன்னும் கூடும்.

இவ்வகைக் கட்டிகளுள் ஒன்று குரல்வளைப் பாப்பிலோமா. மரு போன்றது, அரிதாகவே காணப்படுவது. மனிதப் பாப்பிலோமா வைரசின் 6, 11 ஆகிய வகைகளே இதற்குப் பெரும்பாலும் காரணம். முதலில் குரல் கம்மும். பிறகு மூச்சு இழுக்கையில் இரைச்சல் கேட்கும்.

இதை அகற்றக் கழுத்தைக் கீற வேண்டியதில்லை. குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, வாய் வழியே உலோகக் குழலைச் செலுத்தி, நுண்ணோக்கியால் பார்த்தபடி அறுவை செய்கிறார்கள். சுழலும் சிறு அலகால் கட்டியைச் செதுக்கி உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. கார்பன்-டை-ஆக்சைடு லேசர் மற்றொரு முறை. இந்த லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள இதன் அகச்சிவப்புக் கதிரை நீர் நன்கு உறிஞ்சும். திசுவில் பெரும்பகுதி நீர்தானே! ஆகவே கதிர் ஆழமாக ஊடுருவாமல், மேற்பரப்பை மட்டும் ஆவியாக்குகிறது. குழந்தையின் முகத்தை ஈரத்துணியால் மூடிக் காப்பதும் இதே காரணத்தால்தான். ஆக்சிஜன் மிகுந்தால் தீப்பற்றக்கூடும் என்பதால் மயக்க மருத்துவர் அதன் அளவைக் குறைத்து வைப்பார்.

கட்டி முழுவதையும் சுட்டு அழித்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். நலமாகத் தோன்றும் பக்கத்துத் திசுவிலும் வைரஸ் தங்கியிருக்கும். கட்டி மீண்டும் முளைக்கும். ஆழமாகச் சுட்டாலோ தழும்பு உண்டாகி, அதுவே பாதையைக் குறுக்கிவிடும். எனவே சிறிது எஞ்சினாலும் சரி, காற்றுக்கு வழி திறந்தால் போதும் என்று நிறுத்துவதே அறுவை மருத்துவரின் திறமை. சில குழந்தைகளுக்குப் பலமுறை அறுவை தேவைப்படும். வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. 2007-இல் அதைப் பரவலாகப் போடத் தொடங்கிய ஆஸ்திரேலியாவில் இந்நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மாணவர்களே, ஒரு கணக்கு: 8 மி.மீ. விட்டமுள்ள குழாயில் அதே 1 மி.மீ. தடிப்பு ஏற்பட்டால் தடை எத்தனை மடங்காகும்? சுமார் 3 மடங்கு என விடை வரும். சிறு குழந்தையின் மூச்சிரைப்பை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இப்போது புரிகிறதல்லவா?