வேலையிட மரணமும் குடும்பத்தின் உரிமையும்

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டதைச் சிலாங்கூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் 1994ல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டப்படி முதலாளி கட்டும் அபராதம் அரசாங்கத்துக்குத்தான். குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை.

குடும்பத்துக்குரிய முதல் வழி சொக்சோ. இறந்தவரின் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு சார்ந்தோர் உதவித்தொகையாகக் கணக்கிடப்படும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, எஞ்சியது பிள்ளைகளுக்கு. "முதலாளி மேல் கேஸ் போடு" என்று காப்பிக்கடையில் சொல்வார்கள். சொக்சோ காப்புறுதி உள்ளவர் விஷயத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. விபத்துக்கு வேறொரு குத்தகையாளர் காரணமென்றால், மரணத்திலிருந்து 3 ஆண்டுக்குள் அவர்மீது வழக்குத் தொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞரை நாடுவதே நன்று.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் இடறுவது சட்டத்தில் அல்ல, பத்திரத்தில். விதவை என்று நிரூபிக்கத் திருமணச் சான்றிதழ் வேண்டும். 1-3-1982 முதல் திருமணப் பதிவு கட்டாயம். கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதியர், இருவரும் நலமாக இருக்கும்போதே பதிவிலாகாவுக்குப் போய்வாருங்கள். சேமநிதியில் யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே பலருக்கு இன்னும் இருக்கும்.