பத்தாம் வகுப்பு இயற்பியல்: கன்டெய்னர் லாரி எங்கே நிற்கும்?

‘இயக்க விதிகள்’ பாடத்தின் கணக்கு ஒன்றை நம் எண்ணூர் விரைவுச் சாலையில் வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு: சரக்குடன் 40 டன் நிறையுள்ள கன்டெய்னர் லாரி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருகிறது. பிரேக் பிடித்தால் எதிர்முடுக்கம் 2.5 மீ/வி². நிறுத்தத் தேவையான விசை என்ன? எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்?

முதலில் அலகை மாற்றுங்கள். பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.
40 டன் = 40,000 கி.கி.
36 × 5/18 = 10 மீ/வி

விசை = நிறை × முடுக்கம் = 40,000 × 2.5 = 1,00,000 நியூட்டன்

தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர்முடுக்கம்) = 100 ÷ 5 = 20 மீட்டர்

அதே லாரி 72 கி.மீ. வேகத்தில் வந்தால்? வேகம் 20 மீ/வி; தூரம் 400 ÷ 5 = 80 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரமோ நான்கு மடங்கு!

ஓட்டுநர் நம்மைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் லாரி இன்னும் 20 மீட்டர் வந்துவிடும். ஆகவே, ‘கை காட்டினால் நின்றுவிடும்’ என்று நம்பிக் குறுக்கே போகாதீர்கள். தம்பி, தங்கைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டுப்பாடம்: 54 கி.மீ. வேகத்தில் வந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? (விடை: 45 மீட்டர்)

அல்லாஹ் உங்கள் கல்வியில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.