பழைய பிக்கப் லாரிகளில் ஹீட்டர், ஏர் கண்டிஷன் காற்றோட்டத்தைச் சீர்படுத்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பண்ணை நடத்தும் குடியானவருக்குப் பிக்கப் லாரியானது, வில்வண்டியும் பார வண்டியும் ஒன்றாய்ச் சேர்ந்ததைப் போன்றது. தீவனம், விதை, வேலிக் கம்பி, கன்றுக்குட்டி யாவும் அதன் பின்தட்டில் ஏறும். இருபது முப்பது வருஷம் உழைத்த வண்டியையும் அவர்கள் எளிதில் கழித்துவிடுவதில்லை. எஞ்சின் திடமாயிருக்கும், ஆனால் ஓட்டுகிறவரின் அறைக்குள் வரும் காற்று மாத்திரம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகும். இதைச் சிறு அசௌகரியமென்று எண்ணுதல் தவறு. வட டகோட்டா, மின்னசோட்டா ராஜ்யங்களில் குளிர்காலத்தில் உஷ்ணமானி பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி வரையில் இறங்குவதுண்டு. அச்சமயத்தில் முன்கண்ணாடியின்மேல் வெப்பக் காற்று போதிய அளவு வீசாவிடின், ஓட்டுகிறவரின் மூச்சிலுள்ள ஈரமே கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்து பாதையை மறைத்துவிடும். டெக்ஸாஸில் கோடையில் 38 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் மூடிய அறைக்குள் உழைப்பவருக்கு நேரிடும் ஆபத்தும் இதற்குக் குறைந்ததன்று. வண்டியின் தத்துவம் எங்கும் ஒன்றேயாகையால், இத்தகைய பழைய வண்டி வைத்திருக்கும் நம் மிராசுதார்களும் இதனை அறிந்திருப்பது நலம்.

முதலிற் செய்யவேண்டிய சோதனை

காற்று குறைவா, அல்லது காற்றின் சூடோ குளிர்ச்சியோ குறைவா என்பதை முன்னதாகப் பிரித்தறிதல் வேண்டும். விசிறியை முழு வேகத்தில் வைத்து, காற்றுத் துவாரத்தின் முன் கையை நீட்டிப் பார்க்க. காற்று பலமாய் வந்தும் சூடில்லையெனில் குற்றம் வெந்நீர்ப் பக்கத்திலுள்ளது. எஞ்சின் நன்கு சூடேறியபின் ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்து, ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் ஹீட்டர் காயிலுக்குள் துருவும் வண்டலும் அடைத்திருக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதைக் கழுவும்போது வெளிவரும் கூலன்ட் நீர் இனிப்புள்ள விஷமாகும். நாயும் பூனையும் அதை நக்கி மடிவதுண்டாகையால் தரையில் விடலாகாது.

காற்றே மெலிந்து வருமாயின், வண்டி ஓடும்போது பக்கக் கண்ணாடியை ஓரங்குலம் இறக்குக. உடனே காற்று மிகுமானால் உட்செல்லும் வழியில் குற்றமில்லை. வெளியேறும் வழியே அடைபட்டிருக்கிறது. அறையின் பின்சுவரில் இதற்கென்று மடல் வைத்த துவாரங்கள் பல வண்டிகளில் உண்டு. ஆசனத்தின் பின்னால் சாக்கும் கயிறும் திணிப்பவர்கள் அவற்றை அறியாமலே மூடிவிடுகிறார்கள். நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்க்க முடியாததுபோல், காற்று வெளியேறாத அறைக்குள் புதுக் காற்று புகாது.

காற்று வரும் வழி

வெளிக்காற்று முன்கண்ணாடியின் அடியிலுள்ள சல்லடை வழியாக நுழைந்து, விசிறியால் தள்ளப்பட்டு, கூலிங் காயிலின் இடுக்குகளில் புகுந்து, ஹீட்டர் காயிலைக் கடந்தோ ஒதுங்கியோ சென்று, கதவுகளால் கண்ணாடிக்கும் முகத்துக்கும் காலுக்குமாகப் பிரிக்கப்படுகிறது. பழைய பிக்கப்புகள் பலவற்றில் இவ்வழியில் தூசி வடிகட்டி கிடையாது. மரத்தடியில் நிற்கும் வண்டியின் சல்லடை வழியே விழும் சருகு, வைக்கோல் தூசி, மகரந்தம் யாவும் நேராகக் கூலிங் காயிலில் போய்த் தங்குகின்றன. ஏர் கண்டிஷன் ஓடும்போது அக்காயில் நனைந்திருக்குமாதலால், தூசி அதில் ஒட்டிக் கம்பளிபோல் படிந்துவிடுகிறது. காற்றுக் குறைவுக்கு இதைப்போன்ற பெருங்காரணம் வேறில்லை என்பதே எமது அபிப்பிராயம். இருந்தும் பலர் இதைப் பாராமல் புது விசிறியை வாங்கிப் பூட்டி ஏமாறுகிறார்கள்.

விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரைப் பல மாதிரிகளில் இரண்டு மூன்று திருகாணிகளை அகற்றி வெளியே எடுக்கலாம். அத்துவாரத்தின் வழியே டார்ச் விளக்கை அடித்தாலே, பெரும்பாலும் காயிலின் முகம் தெரியும். படிந்ததை மிருதுவான தூரிகையால் தகடுகளின் போக்கிலேயே வருடி எடுத்து, மிதமான சோப்பு நீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுக. பலத்த நீர்ப்பீச்சு தகடுகளை மடக்கிவிடும். அமிலம் அலுமினியத்தை அரித்துவிடும். கழுவுமுன் பெட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைக் குத்தித் திறந்துவைத்தல் அவசியம். ஏர் கண்டிஷன் ஓடும்போது வண்டிக்கடியில் நீர் சொட்டாமல், உள்ளே கால்வைக்கும் இடம் நனையுமானால் அக்குழாய் அடைபட்டதென்று அறிக.

எலிக் கூடு

களஞ்சியத்தில் நிறுத்திய வண்டியின் விசிறிப் பெட்டியில் எலி கூடு கட்டுவது சர்வசாதாரணம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 1993ஆம் வருஷத்தில் அரிஜோனா, நியூ மெக்ஸிகோ, கொலராடோ, யூடா ஆகிய நான்கு ராஜ்யங்கள் கூடுமிடத்தில், திடகாத்திரமான வாலிபர்கள் மூச்சுத் திணறி மாண்டனர். காட்டெலி வகையொன்றின் சிறுநீரிலும் எச்சத்திலும் இருக்கும் ஹாண்டா வைரஸே காரணமென்று அவ்வருஷமே கண்டறியப்பட்டது. இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவர் இறக்கின்றனர். எச்சம் கலந்த தூசியைச் சுவாசிப்பதால் இது பரவும். ஆகையால் கூடு இருப்பதாகச் சந்தேகித்தால், விசிறியைச் சுழற்றி அதை ஊதித் தள்ள முயலவேண்டாம். உலர்ந்தபடியே பெருக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து காற்றாட விட்டு, கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து கூடு நன்றாய் ஊறும்படி தெளித்து, ஐந்து நிமிஷம் கழிந்தபின் ஈரத்தோடு வழித்தெடுத்துப் பையிலிட்டுக் கட்டிவிடுக. பிறகு சல்லடையின் அடியில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைப் பொருத்தினால் எலியும் சருகும் புகா. அதனினும் நெருங்கிய வலை தானே காற்றை அடைக்கும்.

விசிறியும் மின்சாரமும்

விசிறி முழு வேகத்தில் மாத்திரம் சுழன்று மற்ற வேகங்களில் நின்றுவிட்டால் ரெசிஸ்டர் எரிந்திருக்கலாம். முழு வேகம் மாத்திரம் இல்லையெனில் ரிலேயைப் பார்க்க. ரெசிஸ்டர் காற்றோட்டத்தாலேயே குளிர்விக்கப்படுவதால், காற்று அடைபட்ட வண்டியில் எத்தனை புதிய ரெசிஸ்டர் பூட்டினாலும் எரிந்துகொண்டேயிருக்கும். நோய் வேறிடத்தில் இருக்க மருந்தைக் குறை கூறிப் பயனில்லை.

எஞ்சின் ஓடுகையில் பாட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். அதே சமயம் விசிறி மோட்டாரின் முனைகளிலும் அளந்து பார்க்க. 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்குச் செல்லும் கம்பியிலும் இணைப்பிலும் பத்திலொரு ஓம் தடை இருந்தாலும் 2 வோல்ட் வழியிலேயே வீணாகும்; அதனால் வேகமும் காற்றும் குறையும். பச்சை பூத்த இணைப்புகளைச் சுரண்டித் துடைப்பதும், யாரும் கவனியாத எர்த் கம்பியை இறுக்குவதும் செலவில்லாத வேலை. அதனாலும் போதாவிடில் பாட்டரியிலிருந்து தனியே தடித்த கம்பி இழுத்து ரிலே வைக்கலாம். ஆனால் பாட்டரிக்கு அருகிலேயே ப்யூஸ் வைக்காத கம்பி தீப்பிடிக்க வழியாகும்.

புது மோட்டார் போட்டும் காற்று வராத வண்டிகளில் கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருப்பதுண்டு. இவ்வகை உருளை விசிறி எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்று முன்னோக்கியே வரும். ஆனால் மெலிந்து வரும். அதனால் இக்குற்றம் எளிதில் புலப்படுவதில்லை.

கதவுகள்

உட்கதவுகளின் விளிம்பில் ஒட்டிய நுரைப்பஞ்சு காலத்தால் பொடியாகும். துவாரங்களிலிருந்து கறுப்புத் துணுக்குகள் பறந்தால் அதுவே அடையாளம். போர்டு பிக்கப்புகள் பலவற்றில் இக்கதவுகளை எஞ்சினின் வாக்யூம் இயக்குகிறது. மேடேறும்போது முகத்தில் வீசிய காற்று தானாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினால், வாக்யூம் குழாயோ ஒருவழி வால்வோ கசிகிறதென்பது நிச்சயம். வாக்யூம் அற்றபோதும் கண்ணாடி மறையாதிருக்கவேண்டியே இவ்வண்ணம் அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் பக்கத்துச் சுவரில் உள்ள ஓட்டைகளையும் அப்போதே அடைத்துவிடுக. எக்ஸாஸ்ட் கசியும் வண்டியில் அவ்வழியே கார்பன் மானாக்ஸைடு உள்ளே புகும்.

அரை மணி ஓடியபின் காற்று படிப்படியாகக் குறைந்து, வண்டியைச் சிறிது நேரம் நிறுத்தினால் மீண்டும் பலமாய் வருமானால், கூலிங் காயில் பனிக்கட்டியாய் உறைகிறது. தூசி அடைப்போ கேஸ் குறைவோ இதற்குக் காரணமாகலாம். கேஸ் விஷயத்தில் கைவைக்குமுன் வண்டியின் வயதை அறிக. அந்நாட்டில் 1990க்குமுன் செய்தவை ஆர்-12 என்ற கேஸைக் கொண்டவை; 1994ஆம் வருஷத்து மாதிரிகளுக்குள் ஆர்-134ஏ அதன் ஸ்தானத்தைப் பெற்றது; 1995 முடிவோடு ஆர்-12 உற்பத்தியும் அங்கு நின்றது. இவ்விரண்டையும் கலத்தலாகாது. ஆகாயத்தில் வீணே திறந்துவிடுவதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாதலால், அந்த வேலையை மாத்திரம் அதற்குரிய யந்திரமும் சான்றும் உள்ள தொழிலாளியிடம் ஒப்படைத்தல் வேண்டும்.