கட்டைச் சோளம் துளிர்க்கிறது, கயிற்றை அவிழ்க்காதீர்கள்

சித்திரை வெயிலில் சுருண்டு கிடந்த தீவனச் சோளத்துக்கு ஒரு கோடை மழை கிடைத்தால் போதும், பத்து நாளில் காடே பச்சை கட்டிவிடும். தட்டுப்போரும் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்ட நேரம். அந்தப் பச்சையைப் பார்த்ததும் கை தானாக மாட்டுக் கயிற்றுக்குப் போகும். இப்போதைக்கு அவிழ்க்க வேண்டாம்.

சோளத்தின் இளந்துளிரில் துரின் என்றொரு பொருள் உண்டு. மாடு மென்று விழுங்கியதும் அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு ஆகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. அதனால்தான் மூச்சுக்குத் திணறும் மாட்டின் இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். வாயில் நுரை, தள்ளாட்டம், விழுந்து வலிப்பு என்று அரை மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடுவதும் உண்டு. கைமருத்துவம் பார்க்க அவகாசமில்லை. உடனே 1962-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நேரத்தோடு ஊசியாக ஏறினால் பிழைக்க வழியுண்டு.

மறுதாம்பு குறைந்தது இரண்டடி வளரும்வரை காட்டுக்குள் மாட்டை விடாதீர்கள். வாடி நிற்கும் பயிரை வாட்டத்தோடு அறுத்துப் போடுவதும் ஆபத்துதான். தண்ணீர் பாய்ச்சி, புதுத்துளிர் முற்ற இரண்டு வாரமாவது பொறுங்கள். ஆடுதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். கொழுந்தாகப் பார்த்துக் கடிக்கும் வாய் அது. வளர்ந்த பயிரில் மேய விடும்போதும் முதலில் கொஞ்சம் வைக்கோலோ காய்ந்த தட்டோ போட்டுப் பசியை அடக்கிவிட்டு விடுங்கள்.

கிணற்றில் தண்ணீர் இருப்பவர்கள் வைகாசிக்குள் புது விதைப்பை முடிக்கலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ எஃப்எஸ் 29 நம் சோளத்தையும் சூடான் புல்லையும் ஒட்டுச் சேர்த்து 2001-இல் வெளியிட்ட இரகம். அறுக்க அறுக்கத் தழைக்கும் குணம் சூடான் புல்லிடமிருந்து வந்தது. கோ 31 இதே இரகத்திலிருந்து பிறந்தது. பார் பிடித்து ஓரடி இடைவெளியில் ஊன்றினால் ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை போதும். சொந்த விதை எடுத்தவர்களுக்கு ஒன்று: அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது, சுமார் இரண்டு மாதம் உறக்கம் உண்டு. முளைக்காத விதையைப் பார்த்து விதையையே குறை சொன்னவர்கள் பலர்.

விதைத்தவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மண்ணின் ஈரம் பார்த்து வாரம் பத்து நாளுக்கொரு முறை. முதல் அறுப்பு 65 நாளில், அடுத்தடுத்த அறுப்பு 50 நாளுக்கொரு தடவை. நான்கு விரற்கிடைக்கு மேல் கட்டை விட்டு அறுங்கள். தரையோடு வழித்தால் துளிர் சோர்ந்துவிடும். அறுத்தபின் ஏக்கருக்கு 40 கிலோ யூரியா வரை போடலாம், ஆனால் தண்ணீர் இருந்தால் மட்டும். காய்ந்த காட்டில் யூரியாவைக் கொட்டினால் பயிரில் நைட்ரேட் சேரும், சயனைடு அபாயமும் கூடும்.

மிஞ்சியதை என்ன செய்வது? வெயிலில் புரட்டிப் புரட்டி உலர்த்தினால் சயனைடு பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும்; நைட்ரேட் போகாது. தண்டு பருத்ததால் உலர நாளாகும், இடையில் மழை வந்தால் பூஞ்சணம் பிடிக்கும். என் விருப்பம் சைலேஜ்தான். இந்தச் சோளத்தில் நீர்ச்சத்து அதிகம் என்பதால் அறுத்து அரை நாள் வாட விட்டு, ஓரங்குல நீளத்துக்கு நறுக்கி, காற்றில்லாமல் மிதித்துக் கட்டுங்கள். நறுக்கியதைக் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. வேலிமசால் வைத்திருப்பவர்கள் தினத் தீவனத்தில் கலந்து போட்டால் புரதக் குறை தீரும்.

வைகாசியில் விதைத்தால் முதல் அறுப்பு ஆடியில் வரும். அந்தியூர் குதிரைச் சந்தைக்காகக் குதிரைகள் ஊர் ஊராக வந்து தங்கும் மாதம். இந்தச் சோளத்தைக் குதிரைக்குப் போட வேண்டாம்: பின்னங்கால் தள்ளாடி, சிறுநீர் அடங்காமல் சொட்டும் நோய் வரும், பெரும்பாலும் தேறாது.