இன்சுலினும் உடல் எடையும்

புனேயை அடுத்த கசார்வாடியில், முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலின் செலுத்திக்கொண்டு வாழும் அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதும் மடல்.

இன்சுலினை நம்பி வாழ்பவர் உடல் எடையைக் குறைக்க முற்படும்போது, மற்றவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளுள் பல அவருக்குப் பொருந்துவதில்லை. பிறர் ஒரு வேளை உணவை விட்டால் அது பசியோடு போய்விடும். உணவுக்குரிய இன்சுலினைச் செலுத்திக்கொண்டவர் உண்ணாமல் இருந்தால் அது மயக்கத்தில் முடியக்கூடும். எடை குறைய வேண்டும் என்னும் மகளின் விருப்பம் நியாயமானதே. அது எந்த வழியில் நிறைவேறலாம், எந்த வழியில் நிறைவேறவே கூடாது என்பதை விளக்குவதே இம்மடலின் நோக்கம்.

முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அழிக்கப்படுகின்றன. இன்சுலின் இல்லையேல், குருதியிலுள்ள சர்க்கரை தசைக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் நுழைய இயலாமல் தேங்குகிறது. அதன் அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் போகவே, அது சிறுநீரோடு வெளியேறத் தொடங்குகிறது. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி ஆற்றல் இருப்பதால், நாளொன்றுக்கு 100 கிராம் இவ்வாறு வெளியேறினால் 400 கலோரி வீணாகிறது. நோய் கண்டறியப்படும் முன்னர் இளைஞர்கள் உருக்குலைந்து மெலிவதற்கும், சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் எடை கூடுவதற்கும் இதுவே காரணம். இழந்த தசையும் நீரும் திரும்பிவந்து, உண்பது உடலில் தங்கத் தொடங்கும் நிலையே அந்த எடையின் முதற்பகுதி என்பதை உணராமல், ஊசி போட்டுக்கொண்டதால் பருத்துவிட்டாள் என்று உறவினர் பேசுவது அறியாமை. திருமணப் பேச்சைச் சாக்கிட்டு அதை ஒரு பெண்ணின் காதில் விழப் பேசுவது கொடுமை.

இன்சுலின் வருவதற்கு முந்தைய காலத்தில் இந்நோய்க்கு இருந்த சிகிச்சைகளுள் ஓரளவேனும் ஆயுளை நீட்டியது பட்டினிதான். அமெரிக்க அமைச்சர் ஒருவரின் மகளான எலிசபெத் ஹியூஸ், 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, 15 வயதை எட்டவிருந்தும் ஏறத்தாழ 20 கிலோ எடையே இருந்தார். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பான்டிங் தந்த இன்சுலின் கிடைத்தபின் உடல் தேறி, 1981 வரை வாழ்ந்தார். இன்சுலினை நுணுக்கமாகச் செலுத்திச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பயனை அளந்தறிய 1441 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு, விழித்திரை நோய் அதுவரை இல்லாதவர்களிடம் அது தோன்றும் அபாயம் 76 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வில், கடுமையான தாழ்சர்க்கரை மும்மடங்கு ஏற்பட்டதோடு எடையும் கூடியது. ஆகவே மகளுக்கு எடை கூடியிருப்பது அவள் ஒருத்தியின் ஒழுங்கின்மையால் விளைந்ததன்று.

இவ்விடத்தில்தான் பெரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. ஊசியைக் குறைத்தால் எடை குறையும் என்பதை இளையோர், குறிப்பாகப் பெண்கள், விரைவில் கண்டுகொள்கின்றனர். வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்த்து மெலியும் இப்பழக்கம் டயபுலிமியா என்று அழைக்கப்படுகிறது. இன்சுலின் அடியோடு குறையும்போது உடல் தன் கொழுப்பைத் தறிகெட்டுக் கரைக்கிறது. அதன் விளைபொருளான கீட்டோன் என்னும் அமிலப் பொருள் குருதியில் மிகுந்து, வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, நினைவிழப்பு என வளர்ந்து உயிரையே பறிக்கலாம். அங்ஙனம் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் நீரும் கரைந்துபோகின்றன. கண்ணும் சிறுநீரகமும் மெல்லப் பழுதடைகின்றன. அத்தகைய எண்ணம் ஒருமுறையேனும் மகளின் மனத்தில் எழுந்திருந்தால், அது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய குற்றமன்று. மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நோய்க்குறி.

நேரிய வழியில் வரிசை முக்கியமானது. முதலில் குறைவது உணவு; அதற்கேற்ப, மருத்துவரின் கணக்குப்படி குறைவது இன்சுலின். உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடலுக்கு நாள் முழுவதும் தேவைப்படுவது அடித்தள இன்சுலின். உண்ணும் மாவுச்சத்தின் அளவுக்கேற்பச் செலுத்தப்படுவது வேளை இன்சுலின். உணவு குறையும்போது முதலில் இறங்குவது பின்னது. எடை குறையக் குறைய, முன்னதும் திருத்தப்பட வேண்டியிருக்கும். இத்திருத்தம் செய்யாமல் உணவை மட்டும் குறைப்பவருக்குச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குகிறது. கை நடுங்கி, வியர்த்து, அடங்காப் பசி எடுக்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் உண்ண நேர்கிறது. அந்நிலையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ அதற்கு ஈடான குளுக்கோஸ் பொடியோ, அதாவது 15 கிராம், நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் அளந்து பார்ப்பதே முறை. அதில் 60 கலோரிதான் இருக்கிறது. அச்சத்தில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டையும் இரண்டு லட்டையும் உண்டால், அன்று பட்டினி கிடந்து மிச்சப்படுத்தியது அத்தனையும் திரும்பிவிடும். வாரத்தில் பலமுறை தாழ்சர்க்கரை வருபவருக்கு எடை குறையாமைக்குக் காரணம் மனவுறுதி குறைந்தது என்று எவரும் சொல்லக்கூடாது. இன்சுலின் அளவு மிகுந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மையான காரணம்.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருப்பதால், நாளுக்கு 500 கலோரி குறைத்து உண்பவர் வாரத்துக்கு அரைக் கிலோ குறையலாம். அதற்குமேல் அவசரப்படத் தேவையில்லை. மாவுச்சத்தை அறவே ஒதுக்கும் உணவுமுறைகள் இன்சுலினை நம்பியிருப்பவருக்கு மருத்துவக் கண்காணிப்பின்றி ஏற்றவையல்ல. போசரி, பிம்ப்ரி ஆலைகளின் ஷிப்டு நேரத்துக்கு ஏற்பக் கசார்வாடி வீடுகளில் அடுப்பு எரியும் நேரம் மாறுவதால், உணவு வேளை தவறுவதே அங்கே முதல் இடர். ஷிப்டு மாறும் வாரத்தில் ஊசி நேரம் எவ்வாறு மாற வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம். காலையில் போஹா என்னும் அவல் உணவோ இட்லியோ எதுவாயினும், அளவை அறிந்து உண்பதே கணக்குக்கு உதவும். மராட்டிய வீடுகளின் சோள பாக்ரியும், முளைகட்டிய மட்கிப் பயற்றின் உசளும் புரதத்தையும் நாரையும் தருவதால் பசியை நெடுநேரம் தாங்கவல்லவை. இவ்வகையில் மகள் குடியேறிய ஊரின் சமையல் அவளுக்குத் துணையாகவே நிற்கிறது. விரத நாளின் சாபுதாணா (ஜவ்வரிசி) கிச்சடி அப்படியன்று. ஜவ்வரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்தே. விரதம் இருப்பினும் அடித்தள இன்சுலினை நிறுத்தலாகாது.

எடைக்கருவி சொல்வது முழு உண்மையன்று என்பதைப் புனேயே உலகுக்குக் காட்டியிருக்கிறது. அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004இல் லான்செட் இதழில் தம் இருவரின் படத்தையே வெளியிட்டனர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3ஆகவே இருந்தும், யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்ஞிக் உடலில் 21.2 விழுக்காடு. இந்தியருக்கு இவ்வெண் 23ஐத் தொட்டாலே மிகையெடை என்றும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் கொள்ளப்படுவது, நம்மவர் உடலில் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருப்பதால்தான். ஆகவே நடையோடு, எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். தசை வளர்ந்தால் எடைக்கருவி அசையாதபோதும் இடுப்புச் சுற்றளவு குறையும், இன்சுலின் நன்கு வேலை செய்யும்.

பயிற்சிக்கு முன் சர்க்கரை 126 முதல் 180 வரை இருப்பது பொதுவாகப் பொருத்தமானது. 250ஐத் தாண்டி, கீட்டோனும் காணப்பட்டால் அன்று பயிற்சி கூடாது. மாலையில் நெடுநேரம் உழைத்த உடல், இரவு உறக்கத்திலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், தொடக்க வாரங்களில் இரவு 2 மணி அளவில் ஒருமுறை அளந்து பார்ப்பது பாதுகாப்பு. ஆஷாட ஏகாதசிக்காகத் தேஹுவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் சந்த் துக்காராமின் பல்லக்கு ஊர்வலம் ஊரைக் கடக்கும்போது உடன் நடக்க மகள் விரும்பினால், நாள்முழுதும் நடப்பதற்கேற்ப மருத்துவர் குறைத்துத் தரும் அளவோடும், குளுக்கோஸ் பொடியோடும், தன் நோயை அறிந்த ஒரு துணையோடும் செல்லலாம்.

மெலியவைக்கும் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்னும் பெயரில் இந்தியாவுக்கு வந்த ஊசி, முதல் வகை நீரிழிவுக்குரிய மருந்தாக அங்கீகரிக்கப்பட்டதன்று. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், சர்க்கரை அவ்வளவாக உயராத நிலையிலும் கீட்டோன் நச்சை உண்டாக்கவல்லவை. தோழியர் சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கத் தகுந்தவை அல்ல இவை.

சர்க்கரை அளவு, செலுத்திய இன்சுலின், உண்டது, நடந்தது, தாழ்சர்க்கரை வந்த நேரம் ஆகியவற்றை இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, உணவைக் குறைக்கத் தொடங்கும் முன்னரே அதனை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தனியார் மருத்துவம் செலவு மிகுந்தது எனத் தோன்றினால், பிம்ப்ரி சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சி நடத்தும் யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனை கசார்வாடிக்கு அருகிலேயே இருக்கிறது. அந்தச் சந்திப்பு நடந்து, மருத்துவர் திருத்திய அளவு கைக்கு வரும்வரை, ஒரு வேளை ஊசியையும் தவறவிடாதிருக்குமாறு பெரியப்பா மகளைக் கேட்டுக்கொள்கிறார்.